பத்துமணித் தேத்தண்ணியும் பத்துப்படி ஏணியும்

எல்ல ரயில் நிலையத்தில் இறங்கித் தண்டவாளத்தோடு நடந்தால் கொஞ்ச நேரத்தில் ஒன்பது வளைவுப் பாலம் வந்துவிடும். 1921இல் கட்டிய பாலம். ரயில் வரும் நேரம் பார்த்துப் பல நாட்டுக்காரர்கள் கமராவோடு சரிவில் உட்கார்ந்திருப்பார்கள். ரயில் போனபின் கமரா தேயிலைப் பக்கம் திரும்பும். நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும் பெண்கள் படத்துக்குச் சிரிப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, கையில் காசில்லாவிட்டாலும் எத்தனை சந்தோசமான சனம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருநூறு வருசக் கண்ணீர் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த மலைகளில் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடொன்றில், பிறந்து வளர்ந்தவன் நான். இரண்டுமே எனக்கு உறுத்தும். சிரிப்பும் மெய், கண்ணீரும் மெய். எது எப்போது வருகிறது, எதனால் வருகிறது என்று யாரும் பொறுமையாகக் கேட்பதில்லை.

அன்றாடப் பழக்கங்களால் மனிதர் மகிழ்ச்சியாக இருக்க முடியுமா என்ற கேள்வியை உளவியலாளரும் பொருளியலாளரும் பல பத்தாண்டுகளாக ஆராய்கிறார்கள். 2011இல் பூட்டானின் முயற்சியால் ஐ.நா. பொதுச்சபை மகிழ்ச்சியைப் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. 2012 முதல் உலக மகிழ்ச்சி அறிக்கை வருகிறது. அதன் அடிப்படை ஒரே ஒரு கேள்விதான்: அடியில் பூச்சியமும் உச்சியில் பத்துமாக ஓர் ஏணி இருக்கிறது, உங்கள் வாழ்க்கை இப்போது எந்தப் படியில் நிற்கிறது? பாறைச் சரிவில் முதுகில் கூடையோடு ஏறி இறங்குகிறவளிடம் இதைக் கேட்டால், அவள் முதலில் ஏணியை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பாள். இந்த ஆய்வுகளை ஊவாத் தோட்டத்து நாள் ஒன்றின்மேல் வைத்துப் பார்க்கும்போது எனக்கு வந்த எண்ணமும் அதுதான்.

முதலில் ஓர் எச்சரிக்கை. நன்றி சொல்லுங்கள், மனிதரோடு பழகுங்கள், தியானம் செய்யுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள், இயற்கையில் நேரம் கழியுங்கள் என்று ஐந்து அறிவுரைகள் எல்லா நாட்டு இதழ்களிலும் சுற்றி வருகின்றன. டனிகன் ஃபோக், எலிசபெத் டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2023இல் இந்த ஐந்துக்கும் பின்னாலுள்ள சோதனைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சலித்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை சிறிய ஆள்கூட்டத்தை வைத்துச் செய்தவை, ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பதிவு செய்யாதவை. சலித்தபின் ஓரளவு உறுதியாக நின்றவை நன்றி சொல்வதும் மனிதரோடு பழகுவதும். நோயில்லாத சாதாரண மனிதருக்குத் தியானமும் உடற்பயிற்சியும் இயற்கையும் தரும் மகிழ்ச்சிக்கு, நாம் நினைத்துக்கொண்டிருந்த அளவு சான்று இல்லை. அவை பயனற்றவை என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் மேடையில் ஏறி அடித்துச் சொல்கிறவர்கள் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்ளலாம்.

மனிதரோடு பழகுவதை எடுத்துக்கொள்வோம். ஹார்வர்டில் 1938இல் தொடங்கிய ஆய்வு 724 ஆண்களை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தது. பிற்காலத்தில் உடலும் மனமும் நலமாக இருப்பதற்குப் பணத்தையும் புகழையும்விட நல்ல உறவுகளே பெரிய துணை என்பது அதன் முடிவு. அதில் தொடங்கியவர்கள் அனைவரும் வெள்ளை அமெரிக்க ஆண்கள் என்பதால் நம் ஊருக்கு அப்படியே பொருத்திவிட எனக்குத் தயக்கம். அதைவிட எனக்கு நெருக்கமானது 2001இல் வெளிவந்த கல்கத்தா ஆய்வு. ராபர்ட் பிஸ்வாஸ்-டீனரும் அவருடைய தந்தை எட் டீனரும் சேரிவாசிகள், நடைபாதையில் உறங்குகிறவர்கள், பாலியல் தொழிலாளிகள் என 83 பேரிடம் பேசினார்கள். அவர்களுடைய மனநிறைவு, வெளியிலிருந்து பார்க்கிறவர் எதிர்பார்க்கும் அளவுக்குத் தாழ்ந்திருக்கவில்லை. குடும்பமும் அக்கம்பக்கமும் அவர்களைத் தாங்கின. பின்னர் அமெரிக்காவில் வீடற்றவர்களோடு ஒப்பிட்டபோது, கையில் அதிகக் காசு புரண்ட அமெரிக்கர்களைவிடக் கல்கத்தாக்காரர்களே மனத்தால் மேலான நிலையில் இருந்தார்கள்.

லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு குடும்பம். சீனி தீர்ந்தால் கிண்ணத்தோடு பிள்ளை பக்கத்துக் காம்பராவுக்கு ஓடும். ஒரு வீட்டில் சாவு என்றால் அந்த லயத்தில் அடுப்பு எரியாது. எரிகிற அடுப்பெல்லாம் சாவு வீட்டுக்குத் தேத்தண்ணி ஊற்றுவதற்காக எரியும். மரண உதவிச் சங்கத்துக்கு மாதா மாதம் கட்டுகிற சிறு காசு, கலியாணத்துக்கு வைக்கிற மொய், நோயாளியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடுகிற நாலு பையன்கள்: இவை இல்லாமல் யாரும் இந்த மலையில் ஒரு தலைமுறை தாண்டியிருக்க மாட்டார்கள். தனக்குச் செலவழிப்பதைவிட இன்னொருவருக்குச் செலவழிக்கும்போது மனம் அதிகம் மகிழ்கிறது என்று எலிசபெத் டன்னும் கூட்டாளிகளும் 2008இல் காட்டினார்கள். பிறகு கனடாவிலும் உகண்டாவிலும் செய்த ஆய்வுகளில், பணமுள்ள நாடு, இல்லாத நாடு என்ற வேறுபாடின்றி அது நிலைத்தது. எங்கள் செத்தவீட்டுக் கணக்குக் கொப்பிகளைப் புரட்டினாலும் அதே செய்தியைப் படிக்கலாம்.

ஆனால் லயத்து நெருக்கத்தைப் புகழ்ந்துகொண்டே போவது நேர்மையல்ல. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் கதவைச் சாத்தினாலும் பக்கத்து வீட்டுச் சண்டை காதில் விழும். வயசுக்கு வந்த பிள்ளை உடை மாற்ற இடமில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பையனின் தலைமாட்டில் அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி ஓடும். விரும்பும்போது கதவைத் திறக்கவும் வேண்டாதபோது சாத்தவும் முடிகிறவருக்குத்தான் உறவு இன்பம். ஆய்வாளர்கள் உறவின் தரத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் கதவையும் சேர்த்துத்தான் பேசுகிறார்கள் என்று நான் வாசிக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. உறவுதான் மகிழ்ச்சியின் வேர் என்றால், அந்த வேரை அறுத்த கை எது? 1948இன் குடியுரிமைச் சட்டம் எங்கள் மூதாதையரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம் என்று குடும்பங்கள் பிரிந்தன. மலையிலிருந்து கோச்சி ஏறித் தலைமன்னார் போய்க் கப்பலேறியவர்கள், நீலகிரியிலோ கொடைக்கானலிலோ இன்னொரு குளிர்மலையில் இறங்கினார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் அப்படிப் போன சித்தப்பாவின் படம் ஒன்று நெடுங்காலம் தொங்கியது. கடிதம் வரும் நாளில் அம்மா அந்தப் படத்தைத் துடைப்பாள்.

ரயிலைப் பற்றிப் பேசும்போது சிகாகோவில் நடந்த ஒரு சோதனை நினைவுக்கு வருகிறது. நிக்கலஸ் எப்ளியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014இல் வெளியிட்டது. ரயிலில் பக்கத்தில் இருக்கும் அந்நியரோடு பேசிக்கொண்டு போனால் பயணம் கசக்கும் என்று மக்கள் நினைத்தார்கள். பேசிப் பார்த்தவர்கள், பேசாமல் இருந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இறங்கினார்கள். பொடி மெனிகே ரயிலின் மூன்றாம் வகுப்பில் பதுளையிலிருந்து நானுஓயா வரை போனவருக்கு இதை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஹப்புத்தளை வருவதற்குள் எந்தத் தோட்டம், யார் மகன் என்று விசாரித்து முடிந்து, வடையும் பங்கிட்டாகிவிடும். இப்போது அதே பெட்டியில் பாதிப் பேர் போனுக்குள் குனிந்திருக்கிறார்கள். 2018இல் அமெரிக்காவில் நான்கு வாரம் முகநூலை நிறுத்தி வைத்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மிஞ்சியது, மனநிலையும் சிறிதளவு உயர்ந்தது. போனை ஒரேயடியாகப் பழிக்க மாட்டேன். குவைத்தில் வேலை செய்யும் தாயின் முகத்தைப் பிள்ளை பார்ப்பது அதில்தான்.

பாட்டுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

மலையில் பாட்டு இல்லாத வேலை ஒரு காலத்தில் இல்லை. தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்துப் பாட்டு, கங்காணியைச் சாடும் பாட்டு. 1930களில் கோ. நடேசய்யர் தொழிற்சங்கம் கட்டியபோது அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுக் கட்டிப் பாடித்தான் கூட்டம் சேர்த்தார். ஸி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகக் கேட்டுத் தொகுத்திராவிட்டால் அந்தப் பாட்டுகளில் பல காற்றோடு போயிருக்கும். பாட்டை நாம் இலக்கியமாகப் போற்றுகிறோம், சரிதான். ஆனால் அது உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை அண்மை ஆய்வுகள் காட்டுகின்றன. ராபின் டன்பாரின் குழு இங்கிலாந்தில் முதியோர் கல்வி வகுப்புகளைப் பின்தொடர்ந்தது. ஏழு மாதத்தில் கைவினை வகுப்பு, எழுத்து வகுப்பு, பாட்டு வகுப்பு எல்லாவற்றிலும் மாணவர்கள் ஒருவருக்கொருவர் நெருங்கினார்கள். பாட்டு வகுப்பில் அந்த நெருக்கம் மிக விரைவில் வந்துவிட்டது. அதே குழுவினர் ஆக்ஸ்போர்டு படகோட்டிகளை வைத்துப் பார்த்தபோது, தனியாகத் துடுப்புப் போட்டதைவிடச் சேர்ந்து ஒரே தாளத்தில் போட்டபோது வலியைத் தாங்கும் வலிமை கூடியது. நிரை பிடித்து ஒன்றாகக் கொழுந்தெடுத்த பெண்கள் வெயிலையும் அட்டைக் கடியையும் எப்படித் தாங்கினார்கள் என்று கேட்பவருக்கு இது ஒரு பதில்.

திருவிழா இதன் பெரிய வடிவம். மாசியில் காமன் கூத்து. ரதியும் மதனும் வீடு வீடாக வருவார்கள். தப்புச் சத்தம் அடுத்த தோட்டத்துக்குக் கேட்கும். மாரியம்மன் திருவிழாவில் கரகம், காவடி, தீமிதி. படித்தவர்களில் சிலர் இவற்றை வெறும் செலவு என்றும், உடலை வருத்தும் மூடத்தனம் என்றும் தள்ளிவிடுவார்கள். நானும் பள்ளிக்கூடக் காலத்தில் அப்படிப் பேசியவன். திமித்ரிஸ் சிகலாதஸ் என்ற மானிடவியலாளர் மொரீசியஸ் தீவில் நம் தமிழர் எடுக்கும் தைப்பூசக் காவடியை அளந்தார். அவருடைய குழு 2019இல் வெளியிட்ட முடிவு என் எண்ணத்தை மாற்றியது. உடலில் நிறைய வேல் குத்திக்கொண்டவர்களுக்கு நிலையான தீங்கு எதுவும் தெரியவில்லை. நாட்கள் கழித்துப் பார்த்தால், அதிக வலி பட்டவர்களே தங்கள் மனம் அதிகம் தேறியதாகச் சொன்னார்கள். நோயாளியும் ஏழையும் அந்தக் கடினமான நேர்த்தியை அதிகம் தேடி எடுத்தார்கள். இதைப் படித்தபோது தீமிதிக்கு முந்திய இரவுகளில் கோயில் முற்றத்தில் கூடி உட்கார்ந்திருக்கும் எங்கள் சனத்தை நினைத்துக்கொண்டேன். வருசம் முழுக்கப் பேர் போடும் கொப்பியில் ஓர் எண்ணாக இருக்கிறவன், அந்த ஒரு நாள் ஊர் முழுக்கக் காலில் விழுந்து வணங்கும் ஆளாகிறான். அந்த மரியாதையைக் காசால் வாங்கித் தர யாராலும் முடியாது.

இயற்கையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். வாரத்துக்கு 120 நிமிடம் இயற்கையில் கழிப்பவர்கள் நலமாக உணர்கிறார்கள் என்று இங்கிலாந்தில் ஏறக்குறைய இருபதாயிரம் பேரிடம் கேட்டுத் திரட்டிய 2019ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. அது பொழுதுபோக்காகப் போய்வந்த நேரத்தின் கணக்கு. சின்னச் சிவனொளிபாதத்தில் நின்று எல்லக் கணவாயைப் பார்க்கும் பயணிக்கு அது பொருந்தும். அதே சரிவில் குளவி கலைந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று கண் வைத்தபடி வேலை செய்கிறவளுக்கு மலை வேறொன்று. உடலுழைப்பும் இப்படியே: ஓய்வு நேரத்தில் ஓடுவதும் நடப்பதும் தரும் நலம், வேலையில் நாள் முழுக்கச் சுமப்பதால் கிடைப்பதில்லை என்று தொழில்நல ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். தோட்டத்துப் பெண்ணைப் பார்த்துத் தினமும் நடங்கள் என்று சொல்லும் சுகாதாரப் பிரசங்கம் எனக்குக் கோபமூட்டும். லயத்துக்குப் பின்னால் போஞ்சியும் கோவாவும் போடுகிற அந்தத் துண்டு நிலத்தில் அந்தியில் அவள் குனிந்து நிற்பாளே, அது வேறு. அங்கே எந்தச் செடிக்கு எப்போது தண்ணீர் ஊற்றுவது என்று அவள்தான் முடிவெடுக்கிறாள்.

மழையைப் பற்றியும் கேளுங்கள். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டத்தின் பல மலைகள் மறுபடி சரிந்தன. இரவில் தகரத்தின்மேல் மழை பலக்கும்போது பிள்ளைகளை எழுப்புவதா விடுவதா என்று உட்கார்ந்திருக்கும் தாய்க்கு, மூச்சைக் கவனியுங்கள் என்று சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் நிலத்தைக் கவனிக்க வேண்டும். மெக்சிக்கோவில் அரசு ஏழை வீடுகளின் மண் தரைக்குச் சீமெந்து போட்டுக் கொடுத்தது. 2009இல் வெளிவந்த ஆய்வில், பிள்ளைகளின் வயிற்றுப் புழுக்கள் குறைந்தன, தாய்மாரின் மனச்சோர்வும் குறைந்தது, வாழ்க்கை மேல் நிறைவு கூடியது. ஒரு தரை இவ்வளவு செய்கிறது. இன்னொரு பக்கம், லத்தீன் அமெரிக்காவில் தகரக் குடிசைக்குப் பதில் சிறு வீடு பெற்றவர்களின் மகிழ்ச்சியில் பெரும்பங்கு சில மாதங்களில் தேய்ந்துவிட்டது என்றும் ஓர் ஆய்வு உண்டு. இதைக் காட்டி, வீடு கொடுத்தும் பயனில்லை என்று சொல்வோர் வரக்கூடும். புது வீட்டின் பூரிப்பு தேயும், உண்மைதான். மழையில் நனையாமல் உறங்குவது தேயாது.

நன்றி என்ற சொல்லுக்கு எங்கள் பக்கம் ஒரு கசப்பு உண்டு. தொரைக்கும் கங்காணிக்கும் கைகட்டி நின்று காட்ட வேண்டிய நன்றி அது. அதனால்தான் நன்றிக் குறிப்பேடு எழுதச் சொல்லும் அறிவுரை எங்கள் இளைஞருக்கு எரிச்சலூட்டுகிறது. ஆனால் நான் இங்கே சொல்வது, ஒருவர் மற்றொருவரிடம் நேராகச் சொல்கிற நன்றி. அமித் குமாரும் எப்ளியும் 2018இல் காட்டியது இது: நன்றிக் கடிதம் எழுதுகிறவர், பெறுகிறவர் எவ்வளவு மகிழ்வார் என்பதை எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறார். நாலு மணிக்கு எழுந்து ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுகிறவளிடம், நீ செய்ததை நான் பார்த்தேன் என்று அந்த வீட்டில் எத்தனை பேர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறோம்? நான் என் அம்மாவிடம் சொன்னதில்லை. சொல்ல நினைத்தபோது அவள் இல்லை.

அவளுடைய நாளைக் கணக்கிட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு இந்த ஆய்வுகளின் ஓட்டை தெரிந்தது. பழக்கம் எதுவானாலும் அதற்கு நேரம் வேண்டும். மலையில் எட்டு மணி நேரம், கிலோ குறைந்தால் பாதிச் சம்பளமான அரைப்பேர், ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக் கொழுந்து, வீட்டுக்கு வந்தால் விறகு, தண்ணீர், சமையல், துவைப்பு. உலக மகிழ்ச்சி அறிக்கையின் 2025ஆம் ஆண்டுப் பதிப்பு, பிறரோடு சேர்ந்து உண்பவர்கள் தனியாக உண்பவர்களைவிட நிறைவாக வாழ்கிறார்கள் என்கிறது. எங்கள் வீடுகளில் எல்லோரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம், அம்மாவைத் தவிர. அவள் அடுப்படியில் கடைசியாகச் சாப்பிடுவாள். ஆண்களுக்குக் களைப்பாற ஒரு தவறணை இருக்கிறது. அதன் விலையையும் அவளே கொடுக்கிறாள். அவளுக்கு இருப்பது வெற்றிலை. பாக்கு வாய்ப்புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. அதை விடச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்த வெற்றிலைப் பையைப் பிரிக்கும் ஐந்து நிமிடம்தான் அவளுக்கென்று இருந்த நேரம் என்பதை அறிந்து சொல்ல வேண்டும்.

கென்யாவின் கிபேராச் சேரியில் உழைக்கும் தாய்மாரில் சிலருக்குக் காசும், சிலருக்குச் சமைத்த உணவும் துணி துவைக்கும் சேவையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் வெளிவந்த முடிவின்படி இரு சாராருக்கும் மன அழுத்தம் குறைந்தது, வீட்டுச் சச்சரவும் குறைந்தது. எங்கள் தோட்டங்களில் நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாயானதும் 2024இல் 1,350 ஆனதும் நீண்ட போராட்டங்களால். அந்தப் போராட்டம் தொடர வேண்டும். அதோடு அவளுடைய நேரத்தையும் தொழிற்சங்கங்கள் மேசையில் வைத்துப் பேச வேண்டும். லயத்துக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், அந்திவரை திறந்திருக்கும் பிள்ளைக் காம்பரா, துவைக்கத் தெரிந்த ஒரு மகன்.

மனம் உண்மையிலேயே நோயுற்றவர்களுக்கு இந்தப் பழக்கப் பேச்சு போதாது. 1990களின் நடுவில் இலங்கை, தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்திருந்த நாடுகளுள் ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தபின் அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. வர்த்தமானி அறிவித்தல்கள் காத்த உயிர்கள் அவை. இன்று 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எவரும் அழைக்கலாம். வைத்தியரே வேண்டும் என்பதும் இல்லை. இந்தியாவின் கோவா மாநிலத்தில் மனச்சோர்வு கடுமையாக உள்ளவர்களுக்குப் பயிற்சி பெற்ற சாதாரண ஊர்க்காரர்களே உதவினார்கள். விட்டுப்போன சிறு செயல்களை, பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, தோழியைப் பார்க்கப் போவது போன்றவற்றை, நாளுக்கொன்றாக மீண்டும் தொடங்கச் செய்ததுதான் அதன் சாரம். 2017இல் வெளிவந்த அந்த ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. சிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல வைத்தியர் பாட்டிமாரைப் பயிற்றுவித்து, மருத்துவ நிலைய வாசலில் மரத்தடி வாங்கு ஒன்றில் உட்கார வைத்தார். மனம் நொந்தவர் வந்து பக்கத்தில் உட்காருவார், பாட்டி கேட்பாள். 2016இல் வெளியான சோதனையில் அந்த வாங்கு வழக்கமான சிகிச்சையைவிட நன்றாக வேலை செய்திருந்தது.

இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு எங்கள் கொழுந்து மடுவம்தான் ஞாபகம். நிறுவைக்குக் காத்திருக்கும் நேரத்தில் கூடையை இறக்கி, படங்கைத் தளர்த்தி, போத்தலில் கொண்டுவந்த ஆறிய சாயத்தண்ணியை ஆளுக்கொரு வாய் பங்கிடுவார்கள். பத்துமணித் தேத்தண்ணியும் அப்படியே. யாருக்கு முதுகு வலி, யார் மகள் கொழும்பில் எந்த வீட்டில் வேலை செய்கிறாள், நேற்று இரவு யார் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது, எல்லாம் அந்த நேரத்தில்தான் வெளியே வரும். இப்போது பல தோட்டங்களில் தேயிலைச் செடிகளைக் குடும்பத்துக்கு இத்தனை என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். வருமானம் கூடினால் நல்லதுதான். ஆனால் அங்கே நிரை இல்லை, ஒருத்தி தன் பங்கில் தனியாக நிற்கிறாள். பத்துமணிக்கு அவள் யாரைக் கூப்பிடுவாள்?

மடுவத்து ஓரம் கூரை நீண்டிருக்கும் இடத்தில் ஒரு வாங்கு போட அதிகச் செலவில்லை. பென்சன் வாங்கிப் பேரப்பிள்ளை பார்க்கிற அம்மாயிமார் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். நாற்பது வருசம் அதே மலையில் நின்றவர்கள், எல்லோருடைய பேரும் தாய் பேரும் தெரிந்தவர்கள். பின்னேரம் நிறுவைக்கு வரும் பிள்ளையைப் பார்த்து, "என்னா ஆத்தா, மொகம் வாடிக் கெடக்கு, இப்டி வந்து ஒக்காரு" என்று அவர்கள் இன்றும் சொல்கிறார்கள். உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டுதான் சொல்கிறார்கள்.